பத்து செக்கன் தாங்காத அண்ணனுக்கு

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். வயது 46. கட்டாரில் இருக்கிற மைத்துனர் லீவில் வந்தபோது ஒரு பிளேஸ்டேஷன் 5 கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சின்ன வயதில் ரீவி கேமில் மாரியோவும் கொன்ட்ராவும் விளையாடினதோடு சரி. இப்போது முதன்முதலாக ஒன்லைனில் ஒரு சுடும் கேமுக்குள் இறங்கினால் பத்து செக்கன் தாங்குவதில்லையாம். யார் சுட்டது, எங்கிருந்து சுட்டது என்று பார்ப்பதற்குள் ஆள் காலி. காதுக்குள் ஏதோ ஒரு நாட்டுப் பொடியன் கத்துகிறான். "இது நம்மட வயசுக்குச் சரிவருமா, இல்லாட்டி மகனுக்கிட்டக் குடுத்திட்டுப் பேசாம இருக்கிறதா? காசு கட்டித்தான் விளையாடோணுமா? நம்மட லைன்ல இது ஓடுமா?" இதுதான் கேள்வி.

சரிவரும் அண்ணன். மட்டக்களப்பு டவுனில் கன்சோலும் ரீவியும் பழுதுபார்க்கிற ஆள் நான். நாற்பதைத் தாண்டியவர்கள் "கை ஓடுதில்ல தம்பி" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருவார்கள். வைத்து விளையாடச் சொல்லிப் பார்த்தால் கை நன்றாகத்தான் ஓடும். பிழை ரீவியில் இருக்கும், ரவுட்டரில் இருக்கும், அல்லது முதல் நாளே போய் விழுந்த கேமில் இருக்கும். ஆளின் பிழை என்று ஒன்று இருந்தால் அது வரிசையில் கடைசி. அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் ரீவி. இப்போது வருகிற ரீவிகள் வந்த படத்தை அப்படியே காட்டுவதில்லை. நிறத்தைக் கூட்டி, அசைவை மெழுகி, ஓரங்களைக் கூராக்கி, அப்புறம்தான் திரையில் விடும். நாடகம் பார்க்கிறவருக்கு இது தெரியாது, ஏனென்றால் படமும் சத்தமும் சேர்ந்தே பிந்தும். விளையாடுகிறவருக்கு இது பெரிய அநியாயம். நீங்கள் பட்டனை அமத்தி, அது திரையில் தெரிய 100 மில்லி செக்கன் வரை போகலாம். எதிரி அதற்குள் சுட்டு முடித்துவிடுவான். ரீவி செட்டிங்கில் படம் என்ற பகுதிக்குள் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். நிறம் கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். சில ரீவிகளில் கன்சோல் வயர் குத்தியிருக்கிற எச்டிஎம்ஐ துளைக்கென்று தனியாகப் போடவேண்டும். எச்டிஎம்ஐ 2.1 தரத்தோடு வந்த புதிய ரீவி என்றால் கன்சோலைக் கண்டதும் பெரும்பாலும் தானாகவே மாறிக்கொள்ளும். இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொடுத்து, "தம்பி, கேம் வேற மாதிரி ஆயிற்று" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது லைன். இதில் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். "நம்மட வீட்ட 100 எம்பி லைன்" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. ஆனால் விளையாடும்போது கேம் இழுக்கிற டேட்டா மிகச் சொற்பம். பெரும்பாலான கேம்கள் ஒரு மணித்தியாலத்துக்கு 200 எம்பியைக்கூட எட்டாது. யூரியூப்பில் ஒரு நாடகம் பார்த்தால் அதைவிடக் கூடப் போகும். டேட்டா தின்பது கேமை இறக்குவதும் அப்டேட்டும்தான். பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டும். இரவு நேரத்துக்கென்று தனி டேட்டா தருகிற பக்கேஜ் உங்களிடம் இருந்தால் படுக்கும்போது கன்சோலை ரெஸ்ட் மோடில் விட்டுவிடுங்கள், அது தன்பாட்டில் இறக்கி வைக்கும்.

விளையாட்டுக்கு வேண்டியது குறைந்த தாமதம். அதைத்தான் பிங் என்கிறார்கள்: கன்சோலிலிருந்து ஒரு செய்தி, கேமை நடத்துகிற தூரத்துக் கணினியான சேர்வருக்குப் போய்த் திரும்பிவர எடுக்கிற நேரம். இதில் நாம் இருக்கிற இடத்தையும் கணக்கெடுக்க வேண்டும். கல்லடிக் கடற்கரையில் நின்றால் முன்னால் வங்காள விரிகுடா. அதற்கு அப்பால், தென்கிழக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 2,500 கிலோமீற்றரில் சிங்கப்பூர். நமக்கு வாய்க்கிற கேம் சேர்வர்களில் நிறைய அங்கேதான். ஆனால் நம்முடைய டேட்டா கல்லடியில் கடலில் இறங்குவதில்லை. இலங்கைக்கு வந்த கடலடிக் கேபிள்கள் கரையேறின இடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை. எல்லாமே மேற்கும் தெற்கும். ஆகவே களுவாஞ்சிகுடியில் நீங்கள் அமத்துகிற பட்டன் முதலில் நாட்டைக் குறுக்கறுத்து அந்தப் பக்கம் போய், அங்கே கடலில் இறங்கி, தீவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கிழக்கே போகிறது. சிங்கப்பூருக்குக் கிட்ட இருக்கிற கரை நம்முடையது, வழி மட்டும் நம்முடைய பக்கத்தால் இல்லை.

கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போக 3,000, வர 3,000 என்று வைத்தாலும் 30 மில்லி செக்கன். இதை எந்தக் கம்பனியாலும் குறைக்க முடியாது. அதற்கு மேல் வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். கேமில் 60, 80 என்று காட்டினால் சந்தோஷப்படுங்கள். 100 இலும் விளையாடலாம். 150 ஐத் தாண்டினால் அன்றைக்குச் சுடும் கேமை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

எண்ணைவிட அது நிலையாக நிற்பது முக்கியம். எப்போதும் 90 இல் நிற்கிற லைன், 50 க்கும் 200 க்கும் தாவுகிற லைனைவிட எவ்வளவோ மேல். 4ஜி ரவுட்டர்காரருக்கு இந்தத் தாவல்தான் தலையிடி. பின்னேரம் ஏழு மணிக்கு மேல் ஊரே ஃபோனைக் கையில் எடுக்க, ஒரே கோபுரத்தில் எல்லோரும் தொங்குவார்கள். ஃபைபர் கிடைக்கிற இடமென்றால் அதற்கு மாறுங்கள். கிடைக்காவிட்டால் ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வையுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு லேன் வயர் இழுங்கள். நம்முடைய கல்வீட்டுச் சுவர் இரண்டைத் தாண்டி வரும் வைஃபையை நம்பி விளையாடுவது வீண் வேலை. வயர் விலை சில நூறு ரூபா, அதைப்போல் காசுக்குப் பெறுமதியான சாமான் இந்தத் துறையில் வேறு இல்லை. கன்சோலின் இணைய சோதனையில் நாட் டைப் 3 (வெளியிலிருந்து வருகிற இணைப்புகளை லைன் அதிகம் தடுக்கிறது என்று அர்த்தம்) என்று வந்தால் மற்றவர்களோடு குரல் இணையாது, கூட்டுச் சேரவும் கஷ்டப்படும். 4ஜி இல் இது அடிக்கடி வரும், ஏனென்றால் கம்பனி பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கிடுகிறது. ரவுட்டரில் யூபிஎன்பி (கன்சோல் கேட்கிற வழியை ரவுட்டர் தானாகத் திறந்துவிடுகிற வசதி) என்றிருப்பதைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் அது உங்கள் வீட்டுக்குள் திருத்தக்கூடிய விஷயமில்லை.

சரி, இனி அந்த மர்மச் சாவு. "மதிலுக்குப் பின்னால முழுசாப் போயிட்டன், அதுக்குப் பிறகும் செத்தன்" என்று எழுதியிருந்தீர்கள். அது ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. உங்கள் திரையில் தெரிகிற எதிரி இப்போதைய எதிரி கிடையாது, சில பத்து மில்லி செக்கனுக்கு முந்திய எதிரி. அவன் திரையில் நீங்களும் அப்படித்தான். அவன் சுட்டதும் சேர்வர் கிரிக்கெட்டின் மூன்றாம் நடுவரைப்போல காட்சியைப் பின்னால் ஓட்டி, அவன் விசையை அமத்தின அந்தக் கணத்தில் அவன் கண்ணுக்கு நீங்கள் வெளியே தெரிந்தீர்களா என்று பார்க்கிறது. தெரிந்திருந்தால் பட்டதுதான். அதற்குள் உங்கள் திரையில் நீங்கள் மதிலுக்குப் பின்னால் போய்விட்டீர்கள். இப்படிச் செய்யாவிட்டால் பிங் கூடின யாருமே யாரையும் சுட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. இதிலிருந்து ஒரு பாடமும் உண்டு: மூலையில் ஒளித்து நிற்கிறவனைவிட, திடீரென்று வெளியே வருகிறவனுக்குத்தான் ஒரு துளி நேரம் கூடக் கிடைக்கிறது. அவன் உங்களைக் கண்ட பிறகுதான் நீங்கள் அவனைக் காண்பீர்கள். பதுங்கினால் பிழைக்கலாம் என்ற எண்ணம் ஒன்லைனில் பாதிதான் வேலை செய்யும்.

உங்களை யாரோடு மோதவிடுவது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? சதுரங்கத்தில் ஆட்டக்காரரின் பலத்தை அளக்கிற ஈலோ புள்ளி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் அமைத்தது. கேம்களிலும் அதே வழியில் வந்த கணக்குகள்தான். மைக்ரோசொஃப்ட் ஆய்வுக்கூடம் தங்கள் எக்ஸ்பொக்ஸ் கன்சோலுக்காகச் செய்த ட்ரூஸ்கில் என்ற முறையை விவரமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிற எவருக்கும் அதில் 25 புள்ளி. கூடவே 8.33 என்று ஒரு சந்தேக அளவு. அதாவது, "இந்த ஆள் 25 என்று வைத்துக்கொள்கிறேன், ஆனால் எனக்கு நிச்சயமில்லை" என்று இயந்திரம் சொல்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் புள்ளி மாறும், சந்தேகம் குறையும். ஒருவருக்கு ஒருவர் ஆடினால் ஏறத்தாழ 12 ஆட்டத்தில் உங்கள் தரத்தைப் பிடித்துவிடும். நாலு பேருக்கு நாலு பேர் என்றால் 46 ஆட்டம் வேண்டும், ஏனென்றால் வென்றது உங்களாலா கூட்டாளியாலா என்று அதற்குச் சட்டென்று விளங்காது. மற்றக் கேம்கள் தங்கள் கணக்கை வெளியே சொல்வது குறைவு, ஆனால் அடிப்படை இதுதான்.

ஆக, முதல் சில நாள் நீங்கள் தோற்பது அளவெடுக்கிற காலம். தையற்காரனிடம் நெளிந்துகொண்டு நிற்கக்கூடாது, அவ்வளவுதான். தோற்கிறபோது பாதியில் வயரைக் கழற்றிவிட்டு எழும்பாதீர்கள். ஆட்டத்தை விட்டோடுகிறவரைச் சில கேம்கள் கொஞ்ச நேரம் உள்ளே விடாது, அளவும் பிழைத்துப் போகும். கணக்கு சரியாக உட்கார்ந்தால் இரண்டுக்கு ஒன்று வெல்வீர்கள். அதற்கு மேல் வெல்ல அது விடாது, இன்னும் கெட்டிக்காரனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தும். இருபது வருடம் விளையாடினவனும் பாதி ஆட்டம் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

வயதையும் கதைத்துவிடுவோம், நீங்கள் அதைத்தான் முதலில் கேட்டீர்கள். 2014 இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கேமை விளையாடுகிற 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 16 வயதிலிருந்து 44 வயது வரையானவர்கள். ஒன்றைக் கண்டு அதற்குச் செயற்படுகிற வேகம் 24 வயதிலேயே குறையத் தொடங்குகிறது என்று கண்டார்கள். ஆகவே உங்களை விட்டுத் தள்ளுங்கள், கத்தினானே அந்தப் பொடியனின் அண்ணனுக்கே அது தொடங்கிவிட்டது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: வயது கூடினவர்கள் குறுக்குவழிகளையும் எளிமையான உத்திகளையும் கூடுதலாகப் பாவித்து அந்த இழப்பை ஈடுகட்டுகிறார்கள். என் கண்ணுக்கும் அதுதான் படுகிறது. பொடியன்கள் ஓடுவார்கள், வயதானவர்கள் எங்கே நிற்பது என்று யோசிப்பார்கள்.

கேமைத் தெரிவு செய்வதில்தான் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது. கோல் ஒஃப் டியூட்டி மாதிரி வேகமான சுடும் கேமில் தொடங்க வேண்டாம். அங்கே இருக்கிறவர்களில் பலர் பத்துப் பதினைந்து வருடமாக ஒவ்வொரு வருட வெளியீட்டையும் விடாமல் விளையாடுகிறவர்கள். ராக்கெட் லீக்கில் தொடங்குங்கள். காரால் பந்து அடிக்கிற விளையாட்டு. 2015 இல் வந்தது, 2020 செப்டெம்பரிலிருந்து இலவசம். ஒரு ஆட்டம் ஐந்து நிமிடம், சமநிலை என்றால் இன்னும் கொஞ்சம். விதி விளங்கப்படுத்த ஆள் தேவையில்லை: பந்து வலைக்குள் போகவேண்டும். செத்துப்போய்ச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற வேலை இல்லை. முக்கியமாக, ஆகாயத்தில் பறந்து அடிக்கத் தெரியாதவரும் தன்னுடைய கோலுக்கு முன்னால் பேசாமல் நின்றாலே அணிக்குப் பிரயோசனம். எல்லோரும் பந்துக்குப் பின்னால் தேனீ மாதிரி ஓடும்போது பின்னுக்கு நிற்கிற ஒரே ஒரு ஆள் நீங்களாக இருங்கள். முதல் கிழமையிலேயே மதிப்பு வரும்.

சுடத்தான் வேண்டும் என்றால் ஃபோர்ட்நைட். அதில் ஸீரோ பில்ட் என்ற பகுதிக்குள் போங்கள். 2022 மார்ச்சில் வந்த, எதையும் கட்டத் தேவையில்லாத பகுதி அது. பழைய முறையில் சண்டைக்கு நடுவே மரப்பலகையில் மாடி கட்டுவார்கள், அது நம்மால் ஆகாத காரியம். ஒரு எச்சரிக்கை: புதியவர்களின் முதல் ஆட்டங்களில் கணினி ஓட்டுகிற பொம்மை ஆட்களை நிறையப் போடுவார்கள். 2019 இலிருந்து இந்த வழக்கம். நேராக ஓடிவந்து, நின்று, விலத்திச் சுடுகிறவன் பொம்மை. முதல் நாளே பத்துப் பேரைச் சுட்டு முதலிடம் வந்துவிட்டு "நமக்குள்ள ஒரு திறமை இருந்திருக்கு" என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். மறுகா அடுத்த கிழமை உண்மையான ஆட்கள் வருவார்கள்.

கொன்ட்ரோலர் பிடிக்கிறதில் ஒரே ஒரு விஷயம்தான் 90களின் ரீவி கேம்காரர்களைத் தடுக்கிறது. மாரியோவில் ஒரு பெருவிரலுக்குத்தான் திசை வேலை. இப்போது இடது பெருவிரல் நடக்கிறது, வலது பெருவிரல் தலையைத் திருப்புகிறது. புதியவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் உடனே தெரியும்: நடப்பார், நிற்பார், பிறகு திரும்பிப் பார்ப்பார், மறுபடி நடப்பார். இரண்டு விரலும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. பார்வை மெல்ல மெல்ல நிலத்துக்கோ வானத்துக்கோ போய்விடும், அப்படியே நிலத்தைப் பார்த்தபடி சாவார். இதற்கு மருந்து, எதிரி இல்லாத இடத்தில் நடப்பது. ஒரு கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சுற்றி வாருங்கள். கட்டிடம் திரையின் நடுவை விட்டு விலகக்கூடாது. இரண்டு பக்கமும் சுற்ற வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும். அந்த இரண்டு குச்சிகளையும் உள்நோக்கி அமத்தினால் அவையும் பட்டன்தான். எல்3, ஆர்3 என்று திரையில் வருவது அதைத்தான். இது தெரியாமல் கொன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பி அந்தப் பட்டனைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். தலை சுற்றினால் செட்டிங்கில் மோஷன் பிளரையும் கமரா ஆட்டத்தையும் நிற்பாட்டி, திரும்பும் வேகத்தைக் குறையுங்கள்.

வீட்டிலும் ஒரு விஷயம் சொல்லிவைக்க வேண்டும். ஒன்லைனில் பௌஸ் கிடையாது. பட்டனை அமத்தினால் மெனு வரும், ஆனால் ஆட்டம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பீர்கள். "ஒருக்கா இஞ்ச வாங்க" என்று அண்ணி கூப்பிடும்போது "ரெண்டு நிமிஷம்" என்று சொல்வது சாட்டு இல்லை என்பதை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. ஐந்து நிமிட ஆட்டத்தைச் சிபாரிசு செய்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அரை மணித்தியாலம் இழுக்கிற கேமைக் குடும்பக்காரர் இரவு பத்துக்குப் பிறகுதான் தொடலாம்.

இனி அந்தக் கத்துகிற பொடியன். அவன் சத்தத்தை நிற்பாட்ட ஆட்டக்காரர் பட்டியலில் அவன் பெயருக்குப் போய் மியூட் போட்டால் முடிந்தது. அதைவிட முக்கியம், அவனுக்கும் உங்கள் வீடு கேட்கிறது. பிளேஸ்டேஷன் 5 இன் கொன்ட்ரோலருக்குள்ளேயே மைக் இருக்கிறது, ஹெட்செட் குத்தாவிட்டாலும் வேலை செய்யும். நடுவில், பிஎஸ் பட்டனுக்குக் கீழே, சின்னதாக ஒரு நீளப் பட்டன் இருக்கும். அதை அமத்தினால் செம்மஞ்சள் வெளிச்சம் எரியும். எரிந்தால் மைக் மூடியிருக்கிறது, எரியாவிட்டால் திறந்திருக்கிறது. மிக்ஸி சத்தம், கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, மகனுக்கு விழுகிற ஏச்சு எல்லாம் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பிலிப்பைன்ஸ்காரன் காதுக்கும் போகிறது. முதல் வேலையாக அந்த வெளிச்சத்தைப் பாருங்கள். கேட்க மட்டும் ஃபோனுக்குப் போடுகிற சாதாரண இயர்ஃபோனே போதும், கொன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் 3.5 மில்லிமீற்றர் துளை இருக்கிறது. இயர்ஃபோன் போட்டால் எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியும், ரீவி ஸ்பீக்கரில் அது தெரியாது.

ஏச்சைப் பொறுத்தவரை, அதிகம் யோசிக்க வேண்டாம். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியும் ஒருவரையொருவர் வசைக்கவி பாடின நாட்டில் பிறந்த நமக்கு எதிர்க்கட்சியின் வாய் புதிதில்லை. ராக்கெட் லீக்கில் குரலே தேவையில்லை, நாலு திசைப் பட்டனில் தயாராக வசனம் வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு நக்கல் உண்டு. உங்களைத் தாண்டிப் பந்து வலைக்குள் போனதும் எதிரணிக்காரன் "வாட் எ சேவ்!" என்று மூன்று தரம் அனுப்புவான். நல்லாத் தடுத்தீங்க என்று பாராட்டவில்லை அவன். பதிலுக்கு நீங்கள் "தேங்க்ஸ்!" என்று மட்டும் அனுப்புங்கள், ஆள் அடங்கிவிடுவான். ஆனால் இனத்தையோ தாய் தகப்பனையோ இழுத்துக் கதைத்தால் முறைப்பாடு பண்ணுங்கள், தயங்க வேண்டாம். குரல் அரட்டையையும் பதிவாக இணைத்து முறையிட வசதி இருக்கிறது. அதே வசதி உங்களுக்கு எதிராகவும் உண்டு. தமிழில் ஏசினால் யாருக்கும் விளங்காது என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம்.

அந்நியரோடு விளையாடுவதெல்லாம் உங்களுக்குப் பழக்கத்துக்குத்தான் அண்ணன். இந்தப் பெட்டியின் உண்மையான பிரயோசனம் டோஹாவில் இருக்கிற மைத்துனர். நமக்கும் கட்டாருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அவர் வேலை முடித்து ஏழு மணிக்கு அறைக்கு வந்தால் நமக்கு ஒன்பதரை. வீடியோ கோலில் "சாப்பிட்டியா, மழையா" என்று கேட்ட பிறகு கதை முடிந்துவிடும். கேமில் அப்படி இல்லை, கதைக்க ஒன்றும் தேவையில்லாமல் ஒரு மணித்தியாலம் சேர்ந்து இருக்கலாம், இடையில் கதை தானாக வரும். என்னிடம் வருகிற நாற்பது வயதுக்காரர்களில் தொடர்ந்து விளையாடுகிறவர்கள் எல்லோருமே இப்படி யாரோ ஒரு தம்பியோடு, மச்சானோடு விளையாடுகிறவர்கள்தான். ஒரு தொழில்நுட்ப விஷயம் மட்டும்: கூட்டுச் சேர்ந்து போகும்போது சில கேம்கள் தலைவராக இருப்பவரின் பிரதேச சேர்வரையே எடுக்கும். அவர் தலைவர் என்றால் மத்திய கிழக்கு, நீங்கள் என்றால் ஆசியா. இரண்டையும் மாறி மாறிப் போட்டு, இருவருக்கும் 120 க்குக் கீழே வருகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் லீக்கில் பிரதேசத்தை நீங்களே தெரிவு செய்யலாம். கனடாவில் சொந்தம் இருந்தால் அவர்களோடு காரும் பந்தும் கொஞ்சம் இழுபடும், அங்கே அவசரமில்லாத கேம்தான் சரி.

கரண்ட் விஷயம் சுருக்கமாக: ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்கள். இடி மின்னல் கேட்டால் விளையாட்டை விட்டுவிட்டுப் பிளக்கையும் லேன் வயரையும் இரண்டையும் கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் என்னிடம் வருகிற எரிந்த பலகைகளில் பிளக்கைக் கழற்றிவிட்டு வயரை மறந்தவர்களுடையதும் இருக்கும். கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடு என்றால் உப்புக்காற்று துளைகளைத் தின்னும். துணியால் மூடிவைக்கலாம், ஆனால் ஓடும்போது மூடக்கூடாது.

காசு. ராக்கெட் லீக், ஃபோர்ட்நைட், ஈஃபுட்போல் போன்ற இலவச கேம்களுக்குப் பிளேஸ்டேஷன் பிளஸ் தேவையில்லை, சும்மா ஒன்லைன் போகலாம். காசு கொடுத்து வாங்குகிற கேம்களின் ஒன்லைன் பகுதிக்குத்தான் அந்தச் சந்தா வேண்டும். அமெரிக்கக் கணக்கில் அதன் அடிப்படை ஆண்டுச் சந்தாவை 2023 செப்டெம்பரில் 59.99 டொலரிலிருந்து 79.99 ஆக்கினார்கள், ரூபாவில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். முதல் மூன்று மாதம் ஒரு சதமும் கட்டாமல் இலவச கேமிலேயே இருங்கள். உள்ளே உடுப்பு, கார் பெயின்ட் என்று விற்பார்கள், அவற்றால் ஆட்டம் கூடாது. "ஜெயில்பிரேக் பண்ணித் தாறன், எல்லாக் கேமும் ஃப்ரீ" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி உடைத்த பெட்டியோடு ஒன்லைன் போனால் தடைதான். மலிவாக விற்கிற ஆயத்தக் கணக்குகளும் அப்படியே. விற்றவன் ஒருநாள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் யாரிடமும் போய் அழ முடியாது. மகனும் விளையாடப் போகிறான் என்றால் உங்கள் கணக்கைக் கொடுக்காமல் அவனுக்குச் சிறுவர் கணக்கு ஒன்று திறந்து, நேரத்தையும் குரல் அரட்டையையும் செலவையும் நீங்கள் கட்டுப்படுத்துங்கள். பெயர் வைக்கும்போது சொந்தப் பெயர், ஊர், பிறந்த வருடம் எதுவும் சேர்க்க வேண்டாம். முதல் தரம் பெயர் மாற்றுவது இலவசம், அதற்குப் பிறகு காசு.

கடைசியாக, கணக்கின் நாடு. பிளேஸ்டேஷன் கணக்கு திறக்கும்போது வருகிற நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே ஆட்கள் அமெரிக்கா, அமீரகம், இந்தியா என்று ஒவ்வொன்றைப் போட்டுத் திறந்துவிடுவார்கள். ஒருமுறை போட்ட நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. நம்முடைய வங்கி அட்டை பெரும்பாலும் அதில் ஏறாது, ஆகவே பரிசு கார்ட்தான் வழி. அமெரிக்கக் கார்ட் அமெரிக்கக் கணக்கில் மட்டும்தான் ஏறும், அமீரகக் கார்ட் அமீரகக் கணக்கில் மட்டும். உங்கள் பெட்டி கட்டாரில் வாங்கினது. மைத்துனரே கணக்கும் திறந்து தந்திருந்தால் அது கட்டார் கணக்காக இருக்கக்கூடும். அவரிடம் கேட்டு, கணக்கு எந்த நாடு, எந்த மின்னஞ்சல் என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு டவுனுக்கு வந்து கார்ட் வாங்குங்கள். சுரண்டின கார்டை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது, நானும் எடுக்க மாட்டேன்.